லுசிமாரா அவசரப்பட்ட நாள்

லுசிமாரா மாதிரிப் பொறுமைசாலியை பிரேசிலில் எங்கள் சாவ் ஜொசே ஊரிலேயே நான் பார்த்ததில்லை. அந்தப் பொறுமையைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

விமானச் சிறகுக்கான கார்பன் துணியை வளைந்த அச்சில் சுருக்கம் விழாமல் படிய வைப்பது எப்படி என்பதுதான் எங்கள் ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சி. பிசின் தோய்ந்த அந்தத் துணி ஃப்ரீசரில் கிடக்கும். வெளியே எடுத்தால், குளிர் முழுக்க விடும்வரை பையைப் பிரிக்கவே கூடாது. பிரித்தால் காற்றுப் பட்டுத் துணி வியர்த்துவிடும். சூட்டில் இறுகும்போது அந்த ஈரம் உள்ளே பொத்தல் பொத்தலாக நிற்கும். அதனால் காப்பியும் சீஸ் ரொட்டியுமாகக் காத்துக் கிடப்போம்.

யாராவது பைப்பக்கம் போனால் லுசிமாரா சீறுவாள். "கைய வச்சே, ஒடிச்சிருவேன்! அது பாட்டுக்குக் கெடக்கட்டும்."

அவள் புருஷன் ஒதோனியெலுக்கும் இதே தொழில்தான். இங்கே வேலை கிடைக்காமல் பிரான்சுக்குப் போய் வருஷக்கணக்காகிவிட்டது. அவன் போன் பண்ணினால், "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். நீ நிதானமா உன் வேலையப் பாரு" என்பாள். ராத்திரி அவன் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் படுப்பாள் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

"வாயத் தொறந்து சொல்லேண்டி, ஏங்கிப் போயிட்டேன்னு."

"சும்மா இருங்க நெய்டிக்கா. அவனைப் போட்டு எதுக்கு இம்சை பண்ணணும்?"

போன மார்ச்சில் ஒரு வழி பிறந்தது. அந்தத் துணியில் பெரிய வளைவுத் தகடு ஒன்று குறையில்லாமல் வந்தால் ஆராய்ச்சி தொடரும், இன்னொரு ஆளும் எடுக்கலாம் என்றார்கள் பணம் கொடுக்கிற கம்பெனிக்காரர்கள். அந்த ஆள் ஒதோனியெல்தான் என்று எங்கள் தலைவரே சொல்லிவிட்டார். வேலை கைக்கு வந்தபிறகு அவனிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று லுசிமாரா மூச்சு விடவில்லை. துணியோ ஒரே ஒரு சுருள்தான் மிச்சம் இருந்தது.

அன்று நான் காப்பியோடு திரும்புகிறேன், பை பிரிந்து கிடக்கிறது. பக்கத்தில் கத்தியும் கையுமாக நிற்பது சாட்சாத் லுசிமாராவேதான்!

"அடிப்பாவி! இன்னும் ஜில்லுன்னு இருக்கேடி!"

"தொடச்சிட்டேங்க்கா. ஒண்ணும் ஆகாது."

தகடு பளபளவென்று வந்தது. ஒரு சுருக்கம் இல்லை, எல்லோரும் கைதட்டினோம். ஒலியலை விட்டு உள்ளே சோதித்தபோதுதான் வண்டவாளம் தெரிந்தது. உள்ளெல்லாம் பொத்தல். ஆராய்ச்சி அதோடு நின்றது.

அன்றே கூடத்தில் வைத்து, ஸ்பீக்கரில் போட்டு ஒதோனியெலுக்குப் போன் பண்ணினாள். மறைத்ததையெல்லாம் கொட்டினாள். "நான்தான் கெடுத்தேன். நீ சீக்கிரம் வந்துரணும்னு அவசரப்பட்டுட்டேன்."

அந்தப் பக்கமிருந்து அவன் சொன்னான்:

"இங்கயே நிரந்தர வேலைக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன் லு, போன மாசம். நீ ஒரு நாளும் என்னை வான்னு கூப்பிடலியே. நான் இல்லாம நீ நல்லாத்தான் இருக்கேன்னு நெனச்சேன்."

என் கண் முன்னால் அவள் உடைந்து போனாள். "வாடா. என்னால முடியலடா. வந்துருடா."

அவன் அழுவது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. வருகிறேன் என்று மட்டும் அவன் சொல்லவில்லை.