கோபத்தையும் மொழிபெயர்த்த நஸீமா

அன்று காலை நான் தாழ்வுபாட்டுக் கரையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றேன். சூடை மீன் வலையில் நன்றாகப் பட்டிருந்த நாள். பேரம் பேசும் சத்தத்தில் தொலைபேசி அடித்தது முதலில் கேட்கவில்லை. இரண்டாவது தடவை எடுத்தேன். நஸீமாவின் மூத்த சகோதரர் பேசினார்.

“தங்கச்சி, நஸீமா மௌத்தாயிட்டா. லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். வந்து பாத்திட்டுப் போங்க.”

மீனைப் பக்கத்தில் நின்ற பெண்ணின் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடி, தலைக்கு ஒரு துணியை எடுத்துக்கொண்டு எருக்கலம்பிட்டிக்கு ஸ்கூட்டரை விட்டேன். பண்பாட்டுப் பன்மைக்கும் உரையாடலுக்குமான உலக நாளுக்கு அப்போது ஒரு கிழமை, ஏழே நாள்தான் இருந்தது. மன்னாரில் அந்த நாளை நாங்கள் இருவரும் சேர்ந்துதான் இவ்வளவு காலமாக நடத்திவந்தோம். வழி முழுக்க எனக்கு அவர்மேல் கோபமாக இருந்தது. இந்தக் கிழமையா பார்த்துப் போகவேண்டும் என்று திட்டிக்கொண்டே போனேன். அவர் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

இதை வாசிக்கும் உங்களில் பலர் நஸீமாவின் குரலைக் கேட்டிருப்பீர்கள். முகத்தைக் கவனித்திருக்கமாட்டீர்கள். கூட்டங்களில் மேடையின் ஓரத்தில் ஒரு கதிரையைப் போட்டு, ஒலிவாங்கியை வாய்க்குக் கிட்டப் பிடித்தபடி, சிங்களத்தைத் தமிழாக்கியும் தமிழைச் சிங்களமாக்கியும் சொல்லிக்கொண்டிருந்த கறுப்புச் சட்டமிட்ட மூக்குக்கண்ணாடி போட்ட பெண் அவர். எங்களுடைய சிறிய அமைப்பில் நான் கூட்டங்களை ஒழுங்கு செய்வேன். அவர் அவற்றைப் பேசவைப்பார். எங்களுக்குள் வயது வித்தியாசம் அதிகமில்லை. நான் எமில்டா, அவர் நஸீமா. அக்கா தங்கை என்ற முறையெல்லாம் நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை.

தொண்ணூறில் துப்பாக்கி ஏந்திய இயக்கத்தார் முஸ்லிம்களான அவருடைய ஊரார் எல்லோரையும் போகச்சொன்னபோது அவர் பள்ளிக்கூடப் பிள்ளை. கையில் கொண்டுபோகக்கூடியதைத் தூக்கிக்கொண்டு, கடற்கரையில் வள்ளத்துக்குக் காத்திருந்து, புத்தளம் பக்கம் போய்ச் சேர்ந்த குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. ஓலைக் குடிசையில் இருந்து வளர்ந்து, சிலாபம் பக்கத்தில் ஓர் ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். விடுதி அறையில் இருந்த மற்றப் பெண்கள் எல்லோரும் சிங்களம். “சாப்பாட்டுக் கடையில என்ன இருக்கெண்டு கேக்கத் தெரியாது. ஒரு கிழமையா பாணும் சம்பலும்தான் திண்டன். பசியிலதான் நான் சிங்களம் படிச்சன், எமில்டா” என்பார். பசியில் தொடங்கியதை அவர் விடவில்லை. இரவு வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, மொழிபெயர்ப்பாளராகத் தேறி, போர் முடிந்தபின் குடும்பத்தோடு ஊர் திரும்பினார்.

அவருடைய தொழிலில் ஒரு விதி உண்டு. பேசுபவர் ‘நான்’ என்றால் மொழிபெயர்ப்பவரும் ‘நான்’ என்றுதான் சொல்லவேண்டும், ‘அவர் சொல்கிறார்’ என்று விலகி நிற்கக்கூடாது. வயல் செய்யும், தாடி வைத்த ஒரு கமக்காரர் தனக்கு முழங்கால் வலி என்று சொன்னால், நஸீமாவும் எனக்கு முழங்கால் வலி என்று சிங்களத்தில் சொல்வார். புதிதாக வந்த அதிகாரிகள் அவருடைய முழங்காலைப் பார்ப்பார்கள். அவர் முகத்தில் ஒரு சலனமும் இருக்காது.

நான் அவரை உண்மையில் அறிந்துகொண்டது நறுவிலிக்குளம் பக்கத்தில் நடந்த ஒரு கூட்டத்தில். குளத்துத் தண்ணீர்ப் பிரச்சினையைக் கேட்க கொழும்பிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்திருந்தார். மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து அங்கே குடியேறிய குடும்பங்கள் பின்வரிசையில் இருந்தார்கள். தலைமை தாங்கியவர் எங்களூர்த் தமிழர். வரவேற்புரையில் ‘தோட்டத்து ஆக்களும் வந்திருக்கினம்’ என்று சொன்னார். பின்வரிசையில் இருந்து முத்துலெட்சுமி என்ற பெண் எழும்பினார்.

“நாங்க இங்க வந்து எம்புட்டு வருசமாச்சு? காடு வெட்டி, வயலு போட்டு, புள்ளைகுட்டி பெத்து, செத்தவங்களயும் இங்கதான் பொதைச்சிருக்கோம். இன்னமும் தோட்டத்து ஆளுகன்னுதான் சொல்றீங்க. எங்களுக்குப் பேரு இல்லையா? ஊரு இல்லையா? தண்ணி அப்புறம் தாங்க. மொதல்ல மனுசனா பாருங்க!”

தலைவர் நஸீமாவின் பக்கம் குனிந்து, “தங்கச்சி, அதைக் கொஞ்சம் பக்குவமாச் சொல்லுங்கோ” என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் நஸீமா ஒலிவாங்கியை வாயைவிட்டு எடுக்கவில்லை.

“பக்குவமாச் சொல்லச் சொல்றாங்க. பக்குவமாச் சொன்னா அது என்ட பேச்சாப் போயிரும். இவங்கட பேச்சா இருக்காது” என்று இரண்டு மொழியிலும் எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, முத்துலெட்சுமி சொன்னதை அதே வேகத்தில், அதே சூட்டோடு சிங்களத்தில் சொன்னார். எனக்கு அந்த நேரம் அரைகுறைச் சிங்களம்தான். ஆனாலும் எந்த இடத்தில் முத்துலெட்சுமியின் குரல் உயர்ந்ததோ அந்த இடத்தில் இவருடைய குரலும் உயர்ந்தது விளங்கியது.

அந்த அம்மாவின் பெயர் என்ன என்று அதிகாரி கேட்டார். முத்துலெட்சுமி என்ற பெயர் அவருடைய நாக்கில் முதல் தடவை சரியாக வரவில்லை. திரும்பவும் கேட்டுச் சரியாகச் சொன்னார். அதன்பின் கூட்டம் முடியும்வரை ‘முத்துலெட்சுமி அம்மா சொன்னதுபோல’ என்றுதான் பேசினார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் புறப்பட இருந்தவர் வயல்வரை நடந்துபோய்ப் பார்த்தார்.

இதற்குப் பிறகு நஸீமாவுக்குக் கூட்ட அழைப்பு வரவில்லை. அவரைக் கூப்பிடவேண்டாம் என்று தலைவர் அங்கங்கே சொல்லிவைத்திருந்தார். நான் பதறினேன். நஸீமா தையல் மெஷினின் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். “எனக்குத் தைக்கத் தெரியும், எமில்டா. பட்டினி கிடக்கமாட்டன். நீங்க முகத்தைத் தொங்கப்போடாம ஒரு சட்டைத்துணி கொண்டு வாங்க” என்றார். அந்தச் சட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது, கை கொஞ்சம் இறுக்கம். சில மாதத்துக்குப் பிறகு அதே ஊரில் அடுத்த கூட்டம் வந்தபோது வேறொருவரைக் கூட்டிப்போனார்கள். மக்கள் வாயே திறக்கவில்லை. “அந்தக் கண்ணாடிப் பொண்ணு வரலையா? அவுங்க வந்தா பேசுறோம்” என்று முத்துலெட்சுமி சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல் நஸீமாவைத் திரும்பக் கூப்பிட்டார்கள்.

எப்போதும் பேசிக்கொண்டே இருப்பவர் என்று நினைக்கவேண்டாம். மடு மாதா கோயில் யாத்திரைக்கு வந்த சிங்களப் பெண் ஒருவர் தாழ்வுபாட்டில் கருவாடு வாங்க நின்றார். விற்கிற எங்களூர் அம்மாவுக்குச் சிங்களம் ஒரு சொல் தெரியாது. இருவரும் கையாலும் கண்ணாலும் முழங்கையாலும் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். கருவாட்டை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோவதும், முகத்தைச் சுளிப்பதும், போவதுபோலப் போய்த் திரும்புவதுமாக ஒரு நாடகம். “போய் உதவி செய்யுங்கோவன்” என்று நஸீமாவைத் தட்டினேன். “ரெண்டு பேரும் எவ்வளவு சந்தோசமாச் சண்டை பிடிக்கிறாங்க. நான் ஏன் நடுவில?” என்று சொல்லிவிட்டு நின்று ரசித்தார்.

அந்த உலக நாளை நாங்கள் முதலில் எல்லோரையும்போலத்தான் நடத்தினோம். மண்டபத்தில் பதாகை. ஒரு பள்ளிக்கூடம் கோலாட்டம் ஆடும், ஒன்று றபான் மேளம் அடிக்கும், தெற்கிலிருந்து வரும் குழு கண்டி நடனம் ஆடும். எல்லோரும் கைதட்டுவார்கள். பிறகு சாப்பாட்டுப் பார்சல். ஒருமுறை எல்லாம் முடிந்து கதிரைகளை அடுக்கும்போது நஸீமா சொன்னார்: “வந்தாங்க, ஆடினாங்க, தங்கட தங்கட பஸ்ஸில ஏறிப் போயிட்டாங்க. ஒருத்தரோட ஒருத்தர் ஒரு சொல்லுப் பேசேல்ல. உரையாடலுக்கான நாளாம், எனக்கு அங்க வேலையே இல்ல.”

அடுத்த வருடத்துக்கு அவர் ஒரு யோசனை வைத்தார். ஆட்டம் முடிந்தபின் எல்லோரும் வட்டமாக இருக்கவேண்டும். யார் வேண்டுமானாலும் அடுத்த சமூகத்தாரிடம் நெடுநாளாகக் கேட்க நினைத்த ஒன்றைக் கேட்கலாம். அவர்கள் பதில் சொல்லவேண்டும். எங்கள் தாழ்வுபாட்டுப் பங்குத்தந்தை யோசித்தார். “சண்டை வந்தால் என்ன செய்வீங்கள், நஸீமா?” என்று கேட்டார்.

“வந்தா அதையும் மொழிபெயர்ப்பன், ஃபாதர்.”

ஃபாதர் சிரித்துவிட்டார். பள்ளிவாசல் நிருவாகத்தினரும் சம்மதித்தார்கள்.

அந்த நாள் வந்தபோது, தொடக்கத்தில் கேள்விகள் லேசாகத்தான் வந்தன. நோன்பு காலத்தில் எச்சிலும் விழுங்கக்கூடாதா என்று ஒரு சிங்களப் பெரியவர் கேட்டார். பன்சலையில் புத்தருக்கு வைத்த பூ வாடினால் என்ன செய்வீர்கள் என்று முத்துலெட்சுமி கேட்டார். மண்டபம் கலகலப்பாக இருந்தது. அப்போது எருக்கலம்பிட்டியில் எல்லோரும் அண்ணன் முறையில் காக்கா என்று அழைக்கும் சலீம் காக்கா எழும்பினார். வயது போன மீனவர். தாழ்வுபாட்டு ஆட்கள் இருந்த பக்கம் திரும்பிக் கேட்டார்.

“எங்களப் போகச்சொன்ன நேரம் கடக்கரையில பிள்ளைகுட்டியோட கிடந்தோம். மழை வேற. உங்கட ஆக்களோட ஒரே கடல்ல தொழில் செஞ்சவன் நான். ஒருத்தரும் வந்து என்னெண்டு கேக்கேல்ல. ஏன்?”

தெற்கிலிருந்து வந்தவர்கள் நஸீமாவைப் பார்த்தார்கள். அவர் சலீம் காக்காவின் வார்த்தைகளைச் சிங்களத்தில் சொன்னார். விதிப்படி ‘நாங்கள் கடற்கரையில் கிடந்தோம்’ என்றுதான் சொன்னார். அந்தக் கரையில் அவரும் கிடந்தவர் என்பது அங்கிருந்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ தெரியாது. குரல் பிசகவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒருவர் கோபித்துக்கொண்டு எழும்பி வெளியே போனார். கடைசியில் மதலேனம்மா எழும்பினார். கணவனைக் கடலுக்குக் கொடுத்தவர். கருவாடு காயவைத்துப் பிள்ளைகளை ஆளாக்கியவர்.

“பயந்து போனம், காக்கா. துவக்கு வச்சிருந்தவைக்கு முன்னால வர எங்களுக்குத் துணிவு வரேல்ல. கதவைச் சாத்திப்போட்டுச் செபமாலை சொன்னனாங்கள். அது அண்டைக்கு. நீங்கள் திரும்பி வந்த பிறகும் உங்கட வாசலுக்கு வரேல்லயே, அதுக்குப் பயம் காரணமில்ல. வெக்கம்.”

நஸீமா ஒலிவாங்கியை உயர்த்தினார். மதலேனம்மாவைப் பார்த்து, “இன்னொருக்காச் சொல்லுங்கக்கா” என்றார். மதலேனம்மா திரும்பச் சொன்னார், இந்த முறை சலீம் காக்காவை நேராகப் பார்த்து. அதன் பிறகுதான் நஸீமா சிங்களத்தில் சொன்னார்.

சலீம் காக்கா, “உங்கட மனுசன் செபஸ்தியானோட நான் சங்கு குளிக்கப் போனவன். நல்ல சுழியோடி. அவர் மௌத்தாப் போனது எனக்குப் புத்தளத்தில இருந்ததால தெரியாமப் போச்சு. தெரிஞ்சிருந்தா வந்திருப்பன்” என்றார். தேநீருக்கு எழும்பியபோது அவர்கள் இருவரும் ஒரே வாங்குப் பலகையில் இருந்தார்கள். எல்லாம் அன்றோடு சரியாகிவிட்டது என்று நான் எழுதமாட்டேன். வெளியே போனவர் அடுத்த வருடமும் வரவில்லை. ஆனால் மதலேனம்மா வீட்டுக் கலியாணத்துக்கு எருக்கலம்பிட்டியிலிருந்து ஒரு வான் நிறைய ஆட்கள் வந்தார்கள். அடுத்த வருடங்களில் மக்கள் ஆட்டத்துக்குப் பிந்தி வந்தார்கள், கேள்வி நேரத்துக்கு முந்தி வந்தார்கள்.

அந்த முதல் கேள்வி நாளின் மாலை, பஸ்ஸுக்கு நிற்கும்போது நான் கேட்டேன்: “மதலேனம்மா சொன்னது உங்களுக்கு விளங்கேல்லயா?”

“முதல் தரமே விளங்கிச்சு,” என்றார். “இன்னொருக்காக் கேக்கணும்போல இருந்துச்சு.”

நோய் அவரை வேகமாகக் கொண்டுபோனது. கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோதும் இந்த வருட நிகழ்ச்சியைப் பற்றித்தான் பேச்சு. மொழிபெயர்க்க யாரைக் கூப்பிடுவது என்று கேட்டேன். “நீங்க செய்வீங்க” என்றார். என் சிங்களம் காணாது என்றேன். “பிழை விட்டா அவங்க திருத்துவாங்க. அதுவும் ஒரு பேச்சுத்தானே” என்று சொல்லி, களைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

நிகழ்ச்சியை நாங்கள் தள்ளிவைக்கவில்லை. அடக்கம் முடிந்த அடுத்த கிழமை, குறித்த நாளில் நடத்தினோம். நான் ஒலிவாங்கியோடு இருந்தேன். எழுவாயும் பயனிலையும் இடறின. தெற்கிலிருந்து வந்த பெண்கள் சிரித்துத் திருத்தினார்கள். கேள்வி நேரத்தில் எருக்கலம்பிட்டிப் பெண் ஒருவர் எழும்பி, கையை எங்கள் பதாகையை நோக்கி நீட்டினார்.

“வருசத்துக்கு ஒருக்காக் கூப்பிடுறீங்க. படம் எடுக்கிறீங்க. அந்தப் படத்தை எங்கெங்கயோ அனுப்புறீங்க. மத்த நாளெல்லாம் எங்க போறீங்க? நஸீமா மட்டும்தான் மழையிலயும் எங்கட வீட்டுக்கு வந்தவ. உங்கட அமைப்பில வேற ஒருத்தர்ர முகமும் எங்களுக்குத் தெரியாது.”

எங்களுக்குப் பணம் தரும் கொழும்புக்காரர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். எங்கள் அமைப்பின் இயக்குநர் என்னைப் பார்த்தார். நான் அந்தப் பெண்ணைப் பார்த்தபடி, அவர் சொன்னதை முழுவதுமாக, கோபம் இருந்த இடத்தில் கோபத்தோடு, சிங்களத்தில் சொன்னேன். ‘உங்கள் அமைப்பு’ என்றே சொன்னேன். முன்வரிசையில் ஒருவர் குனிந்தார். இயக்குநர் எழும்பி, அந்தப் பெண்ணின் வீடு எந்தப் பக்கம் என்று கேட்டார்.

நஸீமாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்தத் துணிவுதான். பிறர் சொன்னதை, அது எங்களையே சுட்டாலும், குறைக்காமல் மறுபக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. என் சிங்களம் இன்னும் பிழையோடுதான் இருக்கிறது. வேலை நடக்கிறது.