கோப்பி வருமுன் பேசிவிட வேண்டும்

பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் எல்லை தாண்டிப் போவார்கள். சுவிஸில் எனக்குத் தந்திருக்கும் அட்டை என்னை எல்லை தாண்ட விடாது. ஆகவே இது ஓஸ்டர்முண்டிகனில் இருந்து வெவே வரைக்கும், போய் வர ஒரு பகல், அவ்வளவுதான். 1997 அக்டோபரில் போனேன். இதையெல்லாம் பயணம் என்று ஏற்றுக்கொள்ள முடியாதவர்கள் பனிமலைப் படம் போட்ட நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

நான் மட்டக்களப்பில் இருந்து வந்தவள். பேர்ன் நகரை ஒட்டிய ஓஸ்டர்முண்டிகனில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. கையில் இருப்பது தற்காலிகமாகத் தங்கவிடுகிற, வருடாவருடம் புதுப்பிக்கிற F அட்டை. அதற்கு மேலே இருக்கிற B அட்டை கிடைத்தால் பாரிஸில் இருக்கும் தங்கையைப் போய்ப் பார்க்கலாம். காலையில் ரயில் ஏறினால் பின்னேரம் அவள் வீட்டில் சாப்பிடலாம். எட்டு வருடமாக அவள் முகம் காணவில்லை. B கேட்டு விண்ணப்பித்திருந்தேன். இல்ல நிர்வாகம் எனக்காக நாலு நல்ல வார்த்தை எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தது. அந்த நாலு வார்த்தை இன்னும் வந்து சேரவில்லை.

என்னோடு வந்தவர் டன்னட். ஸ்கொட்லாந்துக்காரர், எண்பத்தாறு வயது, எங்கள் இல்லத்தில் மூன்றாம் மாடி. பக்கவாதம் வந்ததில் கையும் காலும் ஒருமாதிரித் தப்பிவிட்டன. குரல்தான் போய்விட்டது. காதை வாயருகே கொண்டுபோனால் மட்டும் அவர் சொல்வது கேட்கும். போகிற இடத்தில் ஆங்கிலம் வேண்டும், இல்லத்தில் அது கதைக்கக்கூடியவள் நான் ஒருத்திதான் என்பதால் அவரைக் கூட்டிப்போகும் வேலை என் தலையில் விழுந்தது. மட்டக்களப்பு மிஷன் பள்ளிக்கூடத்து ஆங்கிலம் இப்படி ஒரு நாளுக்கு உதவும் என்று யார் கண்டார்கள்.

பேர்னில் ரயில் ஏறும்போது காலை ஒன்பது மணி இருக்கும். அரை விலை அட்டையோடு போய்வர முப்பது பிராங்குக்குக் கொஞ்சம் கூட. லௌசான் வரை தொண்ணூற்றேழு கிலோமீட்டர், அங்கே மாறி வெவேக்குப் பதினெட்டு. டன்னட் நீலக் கோட்டும் கழுத்துப் பட்டியுமாக மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற தூதர்களின் சங்கம் ஒன்று வெவேயில் அவருக்கு மதிய விருந்து வைக்கிறது. முப்பத்தைந்து வருடத்துக்கு முன் அவரை வேலையில் இருந்து விரட்டியவர்களும் அவர்களின் சிஷ்யப்பிள்ளைகளும்தான் அந்தச் சங்கம்.

“எதற்காக இப்போது மரியாதை செய்கிறார்கள்?” என்று கேட்டேன்.

“என்னால் இனிப் பேச முடியாது என்று கேள்விப்பட்டிருப்பார்கள்,” என்றார் காதுக்குள்.

அவர் கதையை அந்த ரயிலில்தான் முழுதாகக் கேட்டேன். வட ஸ்கொட்லாந்தில் மீன் பீப்பாய் செய்கிறவரின் மகன். இருபது வயதில் கொழும்புக்கு வந்து தேயிலை வியாபாரம். ஏலத்தில் நின்று, வாயில் உறிஞ்சித் துப்பி, எந்தத் தோட்டத்துத் தூள் என்று சொல்லுவாராம். யுத்தம் முடிந்த பிறகு, வியாபாரமும் தெரிந்து நாலு பாஷையும் தெரிந்த ஆள் என்று அரசாங்கம் அவரைத் தூதரக வேலைக்கு எடுத்தது. துறைமுகம் துறைமுகமாக மாற்றிக் கடைசியில் ஜெனீவா. அங்கே பகலில் விருந்துக்குப் போவார், இரவில் அந்த விருந்தையே நக்கலடித்து எழுதுவார். புனைபெயரில் ஒரு வாரப் பத்திரிகையில் வந்தது. ஜெனீவாவே அதை ஒளித்துவைத்துப் படித்துச் சிரித்ததாம்.

“பிறகு எப்படிப் பிடிபட்டீங்கள்?”

“வியாபாரிப் புத்தி,” என்றார். ஒரு தூதரின் பேச்சை, ஏலத்தில் ஆகக் குறைந்த விலைக்குப் போகிற தேயிலைத் தூளோடு ஒப்பிட்டவர், அந்தத் தூளின் தரப் பெயரையும் சேர்த்துப் போட்டுவிட்டார். கொழும்பு ஏலத்தில் நின்றவனைத் தவிர வேறு யார் வாயிலும் அந்தப் பெயர் வராது. ஒரே வாரத்தில் வேலை போனது. மன்னிப்புக் கேட்டால் ஓய்வூதியம் தருவதாகச் சொன்னார்கள். கேட்கவில்லை. சுவிஸ்காரி ஒருத்தியைக் கல்யாணம் முடித்து, பேர்னில் தேயிலைக் கடை வைத்துப் பிழைத்தார்.

ஃபிரிபூர் தாண்டியதும் அறிவிப்பில் பிரெஞ்சு முன்னுக்கு வந்து ஜெர்மன் பின்னுக்குப் போனது. பிறகு ஒரு சுரங்கம். அதை விட்டு வெளியே வந்தால் இடது பக்கமும் முன்பக்கமும் ஒரே ஏரி. கரையில் இருந்து ரயில் பாதை வரை படிப்படியாகத் திராட்சை. அறுவடைக் காலம் என்பதால் ஆட்கள் முதுகில் கூடையோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். நான் வாய் பிளந்து பார்த்தேன். டன்னட் பார்க்கவில்லை. கண்ணை மூடி எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். காதைக் கொடுத்தேன். வேலை போகக் காரணமான அந்தக் கட்டுரையை ஒரு வரி விடாமல் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்றைக்கு அதைச் சொல்லப்போகிறேன். நீ என் வாய்,” என்றார். “ஒன்றுதான், கோப்பி வருமுன் பேசிவிட வேண்டும். கோப்பி ஊற்றிவிட்டால் பேச்சுகள் முடிந்துவிட்டன என்று அர்த்தம்.”

“கோப்பி குடித்ததும் எழும்பிவிடுவார்களா?”

“விருந்து யாருக்கோ அவர் குடித்து முடிக்க வேண்டும். அதுவரை மற்றவர்கள் கதிரையை அசைக்கக் கூடாது. அது அவர்களுக்கு வேதம்.”

வெவே ஸ்டேஷனில் இருந்து ஹோட்டலுக்கு நடக்கிற தூரம்தான். அவருக்காக டாக்ஸி பிடித்தேன். பன்னிரண்டு பிராங்க். மட்டக்களப்பில் அந்தக் காசுக்குக் காரில் ஊர் முழுக்கச் சுற்றலாம் என்று மனம் கணக்குப் போட்டது. எட்டு வருடமாகியும் இந்த வியாதி விடவில்லை.

ஹோட்டல் வாசலில் சங்கத் தலைவர் நின்றார். வெள்ளித் தலை, வழவழ என்று ஆங்கிலம். எங்கள் இல்லத்தின் நிர்வாகக் குழுவுக்கும் இவர்தான் தலைவர் என்பது அப்போதுதான் தெரியவந்தது. எனக்கு வர வேண்டிய நாலு வார்த்தை இவர் கையில்.

“மிஸ்டர் டன்னட் களைத்திருப்பார். நன்றியுரையை அவர் சார்பில் நானே வாசித்துவிடுகிறேன்,” என்றார். என்னை ஒருபக்கம் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அவரைப் பேசவைத்துச் சிரமப்படுத்த வேண்டாம். உங்களைப் பற்றி நல்லபடியாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். உங்கள் விண்ணப்பத்துக்கு எழுத வேண்டிய கடிதம் கூட எங்கள் மேசையில்தான் இருக்கிறது.”

மிரட்டலை இவ்வளவு இனிப்பாக நான் கேட்டதே இல்லை.

இருபது பேர் இருந்தார்கள். சாப்பாடு ஏரி மீன், உருளைக்கிழங்கு, பிறகு பாற்கட்டி. மீன் வெட்டிக்கொடுக்க வேண்டும் என்பதால் நான் டன்னட்டின் பக்கத்தில். பாற்கட்டித் தட்டு எடுபட்டதும் தலைவர் எழுந்து, தட்டெழுத்தில் இருந்த நன்றியுரையை வாசித்தார். டன்னட்டுக்குப் பழைய நண்பர்கள் மேல் எந்தக் கசப்பும் இல்லையாம், சிறுவயதுக் குறும்புகளை அவர் மறந்துவிட்டாராம். அவர் அதை எழுதியபோது ஐம்பது வயது! எல்லோரும் கை தட்டினார்கள். தலைவர் விரலை அசைத்தார். கோப்பி வந்துவிட்டது.

டன்னட் தன் கோப்பையின் மேல் உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்தார். பரிசாரகன் கோப்பிப் பாத்திரத்தோடு நின்றான். டன்னட் என் காதில் சொன்னார். நான் சொன்னேன்:

“அவருக்குத் தேநீர் வேண்டுமாம். பையில் கட்டின தூள் வேண்டாம். இலைத் தேயிலை. தண்ணீர் புதிதாகக் கொதிக்க வேண்டும்.”

தலைவரின் முகம் ஒருகணம் இறுகியது. ஆனால் விருந்து நாயகர் கேட்கிறார். மறுக்க முறை இல்லை. நானே போய்ச் சொல்கிறேன் என்று சமையலறைக்குள் நுழைந்தேன். நுழைந்தால், அடுப்படியில் நம் ஆள் ஒருவர்! சுவிஸில் எந்த ஹோட்டல் சமையலறைக் கதவைத் தள்ளினாலும் ஒரு தமிழர் நிற்பார் என்று சொல்வது பகிடி இல்லை. பெயர் சிவம், யாழ்ப்பாணம், நாற்பது வயது இருக்கும்.

“தேத்தண்ணியோ? இவையளின்ரை சாமான் வாயிலை வைக்கேலாது தங்கச்சி. என்ரை பையுக்கை ஊர்த் தேயிலை கிடக்கு, அதைப் போடுறன்,” என்றார். “கெதியாக் கேக்கினமோ?”

“இல்லை அண்ணை. ஆறுதலாப் போடுங்க. எவ்வளவு ஆறுதலா ஏலுமோ அவ்வளவு.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “உள்ளுக்கை என்ன நடக்குது?”

“ஒரு கிழவர் கதைக்கப்போறார். அவங்களுக்கு அது விருப்பமில்லை.”

“அப்ப முதல்லை கேத்திலைக் கழுவ வேணும்,” என்று சிவம் அண்ணை சுத்தமாக இருந்த கேத்திலை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினார்.

திரும்பி வந்தேன். இருபது பேரும் குடித்த கோப்பைகளின் முன்னால், டன்னட் குடித்து முடிக்கும்வரை எழும்ப முடியாமல் கட்டுண்டு இருந்தார்கள். டன்னட் என் கையைப் பிடித்து இழுத்தார். எழுந்து நின்றேன்.  எங்கள் ஊர்க் கோவில் திருவிழாவில் என் அண்ணன் ஒரு பகிடி நாடகம் போட்டான். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்த வாரம் அவன் வீட்டில் இல்லை, இன்றுவரை இல்லை. சிரிக்கவைப்பது என்ன விலைக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். இங்கே போகப்போவது ஒரு அட்டை. அண்ணன் கொடுத்ததோடு பார்த்தால் அது என்ன பெரிய விலை?

அவர் முணுமுணுக்க முணுமுணுக்க நான் உரத்துச் சொன்னேன். இதே ஏரியில் பத்து நாட்டுத் தூதர்கள் ஒரு சின்னக் கப்பலில் போகிறார்கள். கப்பலில் ஓட்டை. உயிர்காப்புப் படகு இருக்கிறது. ஆனால் முதலில் இறங்குவது யார்? வயதில் மூத்தவரா, பதவியில் மூத்தவரா? நாட்டின் பெயரை அகரவரிசையில் எடுப்பதென்றால் எந்தப் பாஷையின் அகரவரிசை? உபகுழு அமைக்கிறார்கள். அதில் ஒரு தூதரின் பேச்சு, ஏலத்தில் ஆகக் குறைந்த விலைக்குப் போகிற தேயிலைத் தூள் மாதிரி. தண்ணீர் முழங்காலுக்கு வருகிறது. முழங்கால்கள் நனைந்ததைக் கவலையோடு கவனத்தில் கொள்வதாகத் தீர்மானம் நிறைவேற்றுகிறார்கள். பதவி ஏதும் இல்லாத மாலுமி மட்டும் குதித்து நீந்துகிறான். தண்ணீர் கழுத்துக்கு வந்தபோது கூட்டம் முழு இணக்கத்தோடு முடிவடைந்தது.

மேசையின் கடைசியில் ஒரு கிழவி முதலில் சிரித்தாள். பிறகு இரண்டு பேர். தலைவர் சிரிக்கவில்லை. டன்னட்டின் வாய் நின்றுவிட்டது, அவருடைய கதை அவ்வளவுதான். நான் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை.

“அந்த மாலுமி கரைக்கு வந்து சேர்ந்தான்,” என்றேன். “கரையில் ஒரு அதிகாரி அவனிடம் கேட்டார்: ‘கப்பல் மூழ்கியதற்கு உன்னிடம் அத்தாட்சி என்ன இருக்கிறது?’”

 மேசை முழுதும் சிரிப்பு வெடித்தது. டன்னட் சத்தமில்லாமல் சிரித்தார், கண்ணால் தண்ணீர் வழிந்தது. சிவம் அண்ணை வெள்ளைச் சட்டையோடு தானே தேநீரைக் கொண்டுவந்து வைத்தார். டன்னட் ஒரு மிடறு உறிஞ்சி, வாயில் நிறுத்தி, விழுங்கினார். “திம்புல பக்கத்துத் தோட்டம்,” என்றார். மிச்சத்தை மிக மெதுவாகக் குடித்தார்.

திரும்பும் ரயிலில் அவர் லௌசான் வரும் முன்பே தூங்கிவிட்டார். நான் ஏரியைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அண்ணன் போன நாளில் இருந்து பொது இடத்தில் வாய் திறப்பதில்லை என்று இருந்தவள் நான். பயமாகத்தான் இருந்தது, ஆனால் உடம்பு லேசாக இருந்தது.

மறுநாள் காலை மேற்பார்வையாளர் ஃப்ரௌ மோசர் தன் அறைக்குக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை, எனக்கு விடுமுறை நாட்களைச் சண்டை போட்டு வாங்கித் தருகிறவர். தலைவர் தொலைபேசியில் குதித்தாராம். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்:

“நீங்கள் மொழிபெயர்த்தது மட்டும்தான். கடைசி வசனமும் மிஸ்டர் டன்னட் சொன்னதுதானே? ஆம் என்று சொல்லுங்கள். நான் அப்படியே எழுதி விஷயத்தை முடித்துவிடுகிறேன்.”

வழியைத் திறந்து வைத்துவிட்டு அந்த மனுசி காத்திருந்தார். ஆம் என்று ஒரு சொல் போதும். பாரிஸ் கிட்டத்தில் வந்து நின்றது.

“இல்லை,” என்றேன். “அதற்கு முன்னால் உள்ளதெல்லாம் அவருடையது. கடைசி வசனம் என்னுடையது.”

“நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்.”

“யோசித்துத்தான் சொன்னேன். எழுதுங்கள்.”