பக்கக் காற்று

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அவளை மாணவர்கள் ‘பிரேக் அக்கா’ என்றே அழைத்தார்கள். பக்கத்து இருக்கையில் அவளுக்கென்று தனி பிரேக் உண்டு. கால் எப்போதும் அதன்மேல்தான். நாற்பதைத் தாண்டிய பிறகு ஊருக்கு வெளியே இருந்த விமானப் பயிற்சிக் கழகத்தில் சேர்ந்தாள். “தரையில ஓட்டுறது போதாதா?” என்று முணுமுணுத்த கணவர்தான், அவளுக்கு உரிமம் கிடைத்ததும் தன் தையல் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

அவரை முதன்முதலாக ஏற்றிக்கொண்டு கிளம்பியபோது இலை அசையவில்லை. திரும்பும்போது இடப்பக்கத்திலிருந்து காற்று விட்டுவிட்டு வீசிக்கொண்டிருந்தது. அவருக்கு வயிற்றைப் புரட்டியது.

“சீக்கிரம் இறக்கிடும்மா. என்னால முடியல.”

“இதோ வந்துட்டோங்க.”

பக்கக் காற்றில் இறங்கும்போது, காற்று வரும் பக்கமாக விமானத்தைச் சற்றே சாய்த்துப் பிடிக்க வேண்டும். சக்கரம் தரையைத் தொட்ட பிறகும் பிடி தளரக் கூடாது. ஓடுபாதை நெருங்கியும் விமானம் அதற்கு நேராக வரவில்லை. மேலே ஏறி இன்னொரு சுற்று வரலாமா என்று யோசித்தாள். பக்கத்தில் அவர் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். இறங்கிவிட முடிவு செய்தாள்.

சக்கரங்கள் தரை தொட்டதும், அப்பாடா என்று கை தளர்ந்தது. அந்த நொடியில் அடித்த காற்று இடது இறக்கையைத் தூக்கிவிட்டது. விமானம் இடப்புறம் திரும்பிச் சறுக்கியது. பழக்கதோஷத்தில் பிரேக்கை ஓங்கி மிதித்தாள். வலது இறக்கை தரையில் உரச, முன்சக்கரம் மடங்கி, மூக்கு புல்லில் குத்தி நின்றது. பெட்ரோல் வாடை அடித்தது.

“ஏங்க, பெல்ட்டக் கழட்டுங்க.”

“கை வரல.”

அவளே கழற்றி, தன் பக்கக் கதவு வழியாக அவரை இழுத்துக்கொண்டு வெளியேறினாள். நல்லவேளை, தீப்பிடிக்கவில்லை. முன்பலகையில் ஊன்றியதில் அவருடைய வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. துணி வெட்டுகிற கை.

கடை மூடிக் கிடந்த நாட்களில் அவர் சட்டைக்கு அவள்தான் பொத்தான் போட்டுவிட்டாள். எங்கே விழுந்தீர்கள் என்று கேட்டவர்களிடம், “விழலய்யா, இறங்குனோம். கொஞ்சம் அவசரமா,” என்றார் அவர்.

கழகத்தில் விசாரணை நடந்தது. “திடீர்னு அடிச்ச காத்துல யாரா இருந்தாலும்…” என்று பயிற்றுநர் அவளுக்காக இழுத்தார்.

“காத்து முன்னாடியே அடிச்சுது சார். நான் சுத்திட்டு வந்திருக்கணும். தொட்டதும் கையையும் விட்டுட்டேன்.”

வீட்டில் கணவர் கேட்டார். “அவசரப்படுத்துனது நான்தானே. அதச் சொல்லியிருக்கலாம்ல?”

“ஓட்டுனது நான்தானே.”

அதற்கப்புறம் கொஞ்ச காலம் தெருவில் நாய் தலைகாட்டினால்கூட அவள் கால் பிரேக்கை அழுத்தியது. மாணவர்கள் கண்ணாடியில் முட்டாத குறை.

ஒரு நாள் பயிற்றுநர் போன் செய்தார். “இன்னைக்குக் காத்து நல்லா அடிக்குது. வர்றீங்களா?”

போனாள். அவர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முதல் முறை விமானம் கோணலாகவே வந்தது; அவர் வாயைத் திறக்குமுன் அவளே மேலே ஏற்றிவிட்டாள். அடுத்த முறையும் அப்படியே. மூன்றாவது சுற்றில் இடது சக்கரம் தொட்டது, பிறகு வலது. விமானம் நிற்கும்வரை அவள் பிடியை விடவில்லை.

இப்போதும் பறக்கிறாள். கணவரின் மணிக்கட்டு முழுதாகத் திரும்புவதில்லை. கத்தரிக்கோலை வேறு மாதிரி பிடிக்கப் பழகிக்கொண்டார். சில ஞாயிறுகளில் கூடவே வந்து, வேலியோரம் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். ஏறச் சொல்லி அவளும் கேட்டதில்லை.