சொல்லத் தெரியாத பல்வலி

மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய வாரத்தில் என் மகள் பூரணி தன் இடது கன்னத்தில் தானே அறைந்துகொள்ளத் தொடங்கினாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. ஆட்டிசம் (பிறவியிலேயே மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடு) உள்ளவள். பேச்சு வரவில்லை.

இரைச்சல் அவளுக்கு ஆகாது. என் கணவர் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தப்புப் பறை அடிப்பவர். அந்தச் சத்தம்தான் காரணம் என்று லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் சொன்னார்கள்.

“பெத்த மகளுக்கே ஒன் அடி புடிக்கல, ஆத்தாளுக்கு எப்படிடா புடிக்கும்?” என்று அவருடைய கூட்டாளி கேலி செய்தார்.

“ஆத்தா கோவிச்சா சமாதானம் பண்ணிக்கலாம்டா. இவகிட்ட முடியாது” என்று சொல்லி, என் கணவர் தப்பை ஆணியில் மாட்டிவிட்டார்.

திருவிழா முடிந்து தோட்டமே அமைதியானது. அவள் அறைவது நிற்கவில்லை. சோற்றையும் தள்ளினாள். கன்னம் வீங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

நாற்காலியில் அவள் உட்காரவே இல்லை. பல் டாக்டரம்மா இறங்கி வந்து தரையில் அவள் பக்கத்தில் அமர்ந்தார். அவள் அலறியபோது வாயின் உள்ளே பார்த்துவிட்டார். கடைவாய்ப் பல்லின் அடியில் சீழ்க்கட்டி (கிருமியால் சீழ் சேர்ந்த வீக்கம்). முழு மயக்கம் (மருந்தால் தூங்கவைப்பது) கொடுத்துத்தான் பிடுங்க வேண்டும் என்றார்.

“பக்கத்துல இன்னும் ரெண்டு சொத்தை இருக்கும்மா. அடைச்சுக் காப்பாத்தலாம். ஆனா பல தடவ வரணும், வாயத் திறந்துக்கிட்டு இருக்கணும். இருப்பாளா?”



“எடுத்தா திரும்ப மொளைக்குங்களா?” என்று என் கணவர் கேட்டார்.

“இல்லைங்க.”

வேறு பிள்ளையாக இருந்தால் அந்த இரண்டும் வாயில் இருந்திருக்கும். மூன்றையும் எடுக்கச் சொல்லிக் கையெழுத்திட்டேன்.

மயக்கம் தெளிந்ததும் இரத்தத்தைத் துப்பிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். எதற்காக இப்படிச் செய்தோம் என்று அவளுக்கு விளங்கவைக்க எனக்கு வழி தெரியவில்லை.

உங்கள் பிள்ளை திடீரென்று தன்னை அடித்துக்கொண்டால், காரணத்தை வெளியே தேடுவதற்கு முன் வாயைப் பாருங்கள். பார்க்க விடாவிட்டால் பல் டாக்டரிடம் கொண்டுபோங்கள். வீங்கும்வரை காத்திருக்காதீர்கள்.

இப்போது அறைவது நின்றுவிட்டது. சாப்பிடுகிறாள். முன்பெல்லாம் என் நாள் வேலைக்குப் பெயர் கொடுக்கும் காலைப் பெரட்டில் தொடங்கி மாலைக் கொழுந்து நிறுவையில் முடியும். இன்று அவள் ஒரு கவளத்தை விழுங்கி அடுத்ததற்கு வாய் திறக்கும்வரை எனக்கு நேரம் நகர்வதில்லை.

அவள் வலது பக்கமாக மட்டுமே மெல்கிறாள். எனக்கு எல்லாப் பல்லும் இருந்தும், என் வாயும் வலது பக்கமாகவே மெல்கிறது.