பாத்திரக்கடையில் மாத்திரை மாற்றிய கதை

எனக்குப் பதற்ற வியாதி இருப்பது அருப்புக்கோட்டையில் என் வீட்டுக்காரருக்கும் மருந்துக்கடைக்காரருக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன ஆவணிக்குப் பிறகு திருச்சுழி வரைக்கும் தெரிந்துவிட்டது.

பல வருசமாக மதுரையில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டிக்கொண்டிருந்தேன். அவர் கொடுத்த சின்ன மாத்திரை உள்ளே போனால் மனசு அதுபாட்டுக்குக் கிடக்கும். திடீரென்று அவர் மகனோடு இருக்கப்போகிறேன் என்று ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவர் இடத்துக்கு வந்தவர் சின்ன வயசு டாக்டர். பழைய சீட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“இது பழக்கமாயிடும்மா. நாளையிலிருந்து நிறுத்திருங்க. வேற எழுதுறேன். ஆரம்பத்துல கொஞ்சம் படபடப்பு கூடுற மாதிரி இருக்கும். பயப்படாதீங்க.”

பயப்படாமல் இருக்கத் தெரிந்தால் நான் எதற்கு இவரைப் பார்க்க பஸ் ஏறி வருகிறேன்?

புது மாத்திரை சாப்பிட்ட முதல் வாரத்திலேயே ஆரம்பித்துவிட்டது. தூக்கம் போச்சு. ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. எதற்குப் பயம் என்று எனக்கே தெரியாது. பயம் மட்டும் இருந்தது.

இதில் எங்கள் தொழில் வேறு. நாங்கள் பாத்திரக்கடை வைத்திருக்கிறோம். எங்கள் பக்கத்தில் எவரும் குடத்தைச் சுண்டிப் பார்க்காமல் வாங்க மாட்டார்கள். அவர்கள் ‘டங்’ என்று ஒரு சுண்டு சுண்டினால் என் உயிர் கடையை விட்டு இறங்கி பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் நின்றுகொள்ளும். திரும்பி வருவதற்குள் அடுத்த ஆள் சுண்டுவார்.

“கேஸா இருக்கும். ஓமத்தண்ணி குடி” என்றார் வீட்டுக்காரர். குடித்தேன். பிறகு ஈசிஜி எடுத்தோம். “ஒங்க இதயம் குதிரை மாதிரி இருக்கு” என்றார்கள். குதிரை ஓடுகிறது என்பதுதானே என் புகார்?

அடுத்து என் வீட்டுக்காரரின் அக்கா மல்லாங்கிணறிலிருந்து வந்து இறங்கினார். மதினி என்னை ஏற இறங்கப் பார்த்து, “இது மாத்திரைக்குக் கட்டுப்படுற சங்கதி இல்ல” என்று சொல்லி, ஒரு கோடாங்கியிடம் கூட்டிப்போனார். சத்தம் கேட்டாலே செத்துப்போகிறவளை உட்காரவைத்து, காதுக்குப் பக்கத்தில் உடுக்கை அடித்தார்கள்.

“யாரு நீ? எங்கிருந்து வந்த?” என்று என்னைப் பிடித்த பேயை அதட்டினார் கோடாங்கி.

“மருந்துக்கடையிலிருந்து வந்தேன்” என்றேன்.

உடுக்கை நின்றது. மதினி என் தொடையில் கிள்ளினார். அன்று பேய் ஓடியதோ என்னவோ, நான் ஓட்டமாக ஓடி வெளியே வந்தேன்.

கடையில் நடந்ததுதான் பெரிய கூத்து. முகூர்த்தச் சமயம். திருச்சுழிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் கல்யாணச் சீருக்குப் பாத்திரம் எடுக்க வேன் பிடித்து வந்திருந்தது. கல்யாணப்பெண், அவள் அம்மா, பெரியம்மா, கூடவே நாலைந்து பெண்கள். ஒரு ஓரமாக பிரியாணி தேக்சா பார்த்துக்கொண்டிருந்தார், சவுதியில் வேலை பார்த்துத் திரும்பி வந்து சமையல் கான்ட்ராக்ட் எடுக்கிற பாய் ஒருவர். வீட்டுக்காரர் அண்டா எடுக்க குடோனுக்குப் போயிருந்தார்.

பெரியம்மாவுக்கு அடியில் இருக்கிற தாம்பாளம்தான் வேண்டுமாம். உருவினார். அடுக்கு மொத்தமும் இறங்கியது. ஒரே ஒரு தட்டு மட்டும் விழுந்து படுக்காமல், தரையில் சுற்றிச் சுற்றி ‘ங்ஙொய்ங்’ என்று பாடிக்கொண்டே இருந்தது.

அவ்வளவுதான், நெஞ்சு நின்றுவிட்டது என்று நினைத்தேன். வெளியே ஓடத்தான் கிளம்பினேன். வாசலில் ஒரு பஸ் ஹார்ன் அடித்தது. அந்தச் சத்தத்தை உள்ளே விடக்கூடாது என்று தோன்றியதோ என்னமோ, ஷட்டரைப் பிடித்துத் தரைவரைக்கும் இழுத்துவிட்டேன், நானும் கல்யாண வீட்டார் எல்லாரும் உள்ளே இருக்க.

இருட்டு. பெண்கள் அலறினார்கள்.

“ஏத்தா, என்ன பண்ணப்போற எங்கள? கழுத்துல கெடக்குறதெல்லாம் கவரிங்குத்தா!” என்று பெரியம்மா கத்தினார்.

நான் ஷட்டரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதேன். கல்யாணப்பெண்தான் போன் வெளிச்சத்தைப் போட்டாள். அந்த வெளிச்சத்தில் பாய் வந்து எனக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்தார்.

“தங்கச்சி, மாத்திரை ஏதும் மாத்துனீகளா?”

“ஒங்களுக்கு எப்படித் தெரியும் பாய்?”

“எனக்கு சவுதியில மாத்துனாக. நான் லிப்டுக்குள்ள போயி நின்னுக்கிட்டு ஒருத்தரையும் ஏற விடல. மொதலாளி படியேறித்தான் போனாரு.” யாரோ சிரித்தார்கள். நானும் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தேன். “தாங்கிக்கிட்டு இருக்காதீக. டாக்டர்கிட்டப் போயி நடந்ததை அப்படியே சொல்லுங்க. எனக்குப் பழசத் திரும்பக் குடுத்து, கொஞ்சங் கொஞ்சமாத்தான் கொறைச்சாக.”

இருட்டுக்குள்ளிருந்து பெரியம்மாவின் குரல் மெதுவாக வந்தது. “எனக்குங்கூட அப்பப்ப நெஞ்சு திக்குதிக்குங்குது. அந்த டாக்டரு எங்கிட்டு இருக்காரு?”

அப்போதுதான் வீட்டுக்காரர் குடோனிலிருந்து வந்து, பட்டப்பகலில் கடை ஏன் சாத்தியிருக்கிறது என்று ஷட்டரைப் படபடவென்று தட்டினார். நான் மறுபடி ஒரு கத்து கத்தினேன். பாய்தான் எழுந்து ஷட்டரைத் தூக்கிவிட்டார். கல்யாண வீட்டார் கோபித்துக்கொள்ளவில்லை. சீர்ப் பாத்திரம் மொத்தத்தையும் எங்களிடமே எடுத்தார்கள். பயந்ததற்காக ஒரு குத்துவிளக்கைச் சும்மா கேட்டார் பெரியம்மா. கொடுத்துவிட்டோம்.

மறுநாள் டாக்டரிடம் போனோம். நடந்ததைச் சொன்னதும், “அவ்வளவு இருந்தா ஒடனே வந்திருக்கலாமேம்மா” என்றார்.

“பயப்படாதீங்கன்னு சொன்னீங்க. நானும் பயப்படாமத்தான் இருந்து பாத்தேன்.”

சிரிக்கப்போனவர் நிறுத்திக்கொண்டார். “பழசை ஒரேயடியா நிறுத்தச் சொன்னது என் தப்பு” என்றார். டாக்டர் ஒருவர் அப்படிச் சொல்லி என் காதால் கேட்டது அதுதான் முதல் தடவை. பழைய மாத்திரையைத் திரும்பவும் எழுதிக்கொடுத்தார். புதியதைப் பாதியாக்கினார். பழசைப் பாதி, கால் என்று இறக்குவதற்குள் ஐப்பசி மழை வந்து போய்விட்டது.

ஒரே நாளில் சரியாகவில்லை. தை மாதம் ஒரு மத்தியானம், கடைக்குள் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போகும்போதுதான் கவனித்தேன்: எழுந்து நடக்காமல், உட்கார்ந்த இடத்திலேயே முழுச் சோற்றையும் சாப்பிட்டிருக்கிறேன்.

“என்ன, அப்படியே நிக்கிற?” என்றார் வீட்டுக்காரர்.

“ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் மோர்சோறு போட்டுக்கொண்டேன்.