அம்மாவுக்குக் கிடைத்த ஆங்கிலப் பட்டம்

'கொன்டுமேஷஸ்' என்ற சொல்லைப் புத்தகத்தில் மட்டுமே பார்த்திருந்தேன். இலங்கை மலையகத்து ஹட்டனில் பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கியம் கற்பிக்கும் எனக்கே அதை வாய்விட்டுச் சொல்லும் தேவை வந்ததில்லை. ஒரு மனிதர் சொல்லி முதன்முதலாகக் கேட்டது லிந்துலைப் பக்கம், எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீசில். தோட்டத்தின் உதவி நிர்வாகியான சின்னத்துரை என் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

அம்மா செய்தது இவ்வளவுதான். கொழுந்தெடுக்கத் தனக்குக் கொடுத்த நிரையில், அந்தத் தேயிலை வரிசையில், குளவிக்கூட்டைக் கண்டதும், பாதியிலேயே இறங்கி ரோட்டில் நின்றுவிட்டார். கொடுத்த நிரையை விட்டு இறங்குவது எங்கள் தோட்டங்களில் லேசுப்பட்ட காரியமல்ல. மழையோ அட்டையோ, முடித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். ஆனால் அதே மலையில்தான் போன வருஷம் பக்கத்து லயத்து அக்கா குளவி கொட்டிச் செத்துப்போனார். திரும்பி ஏறச் சொல்லிக் கங்காணி கத்தியும் அம்மா அசையவில்லை.

விசாரணை வைத்தார்கள். குற்றம் உறுதியானால் வேலை போகும், அதோடு தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். மொழிபெயர்க்க நான் போனேன். அங்கேதான் சின்னத்துரை அம்மாவைக் 'கொன்டுமேஷஸ்' என்றார்.

அதிகாரத்துக்கு வேண்டுமென்றே அடங்க மறுப்பவர் என்பது அந்தச் சொல்லின் பொருள். ஒரு காலத்தில் இங்கிலாந்தின் தேவாலய நீதிமன்றங்கள், கட்டளைக்குப் பணியாதவர்களை அப்படித்தான் அழைத்தன. பிறகு அது கதைகளுக்குள் வந்தது. நான் படித்த நாவல்களில் வேலைக்காரர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கோவேறு கழுதைகளுக்கும்தான் அந்தப் பட்டம். எஜமானைப் பார்த்து ஒருவரும் சொன்னதாக நான் வாசித்ததில்லை.

அம்மா தெரியாமல் செய்துவிட்டதாக நான் மாற்றிச் சொன்னால் சின்னத்துரை விட்டுவிடுவார் என்று பெரிய கிளாக்கர் என் காதில் ஓதினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெரியாமல் செய்ய அம்மா என்ன கைக்குழந்தையா?

"நீ அடங்காதவ, வேணும்னே செஞ்சேன்னு சொல்றாரும்மா. ஒத்துக்கிறியான்னு கேக்குறாரு" என்றேன்.

அம்மா துரையை நேராகப் பார்த்தார். "ஆமாங்க, வேணும்னுதான் எறங்கினேன். கூட்ட எடுக்காம நாளைக்கும் ஏற மாட்டேன்."

ஒரு சொல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன். முடிவைப் பிறகு சொல்வதாக அனுப்பிவிட்டார்கள்.

அன்றிரவு லயத்திலேயே தங்கினேன். மறுநாள் காலை, ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டில் அந்த நிரைக்கு வேறு ஆள் கூப்பிட்டார்கள். ஒரு பெண்ணும் நகரவில்லை. கூடைகளை இறக்கி வைத்துவிட்டு நின்றார்கள். கோபத்தோடு வந்த சின்னத்துரை, எங்கே கூடு என்று தானே ஏறினார். பாதி தூரம் போனவர், போனதைவிட வேகமாகத் திரும்பி வந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்று மாலையே கூட்டை அகற்ற ஆள் வந்தது.

அம்மா இப்போது வேலைக்குப் போகிறார். ஆனால் மன்னிப்புக் கேட்டால்தான் விசாரணையை மூடுவார்களாம். போன கிழமையும் சொல்லியனுப்பினார்கள்.

"எதுக்கு மன்னிப்பு? சாகாம வந்ததுக்கா?" என்றார் அம்மா.

அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியிருக்கிறேன்.