துரை விட்டுப்போன மணம்

திருகோணமலையில் ஜப்பான்காரன் குண்டு போட்டது 1942 ஏப்ரல் ஒன்பதாம் திகதி. அதை யாரும் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டுக்குக் கார் வந்த திகதி எந்தப் புத்தகத்திலும் இல்லை. தம்பி அப்போது தவழத் தொடங்கியிருந்தான் என்பதை வைத்து, அது அடுத்த ஆண்டின் நடுப்பகுதியாக இருக்க வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறேன். எனக்கு எட்டு வயது.

கார் வாங்கியதே எனக்காகத்தான். எனக்கு முட்டு வருத்தம், அதாவது ஆஸ்துமா. கொஞ்சம் புகையோ தூசியோ பட்டால் போதும், நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கிவிடும். குண்டு விழுந்த அன்று கண்டி வீதியால் ஊரே உள்பக்கம் ஓடியது. நாங்கள் மாட்டு வண்டியில் தம்பலகாமத்துக்குப் போனோம். சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கி எரிந்த புகை பின்னாலேயே வந்தது. பாதி வழியில் என் உதடு நீலமாகிவிட்டதாம். இன்னொரு முறை இப்படி நேர்ந்தால் பிள்ளை தாங்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

அப்பா துறைமுகக் களஞ்சியத்தில் கிளாக்கர். மாற்றலாகிப் போன வெள்ளைக்கார அதிகாரி ஒருவரிடம் சின்னக் கறுப்புக் கார் ஒன்றை வாங்கினார். அதற்குப் பிறகு அம்மாவின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் கிடந்தது. சைரன் ஊதியதும் என்னை ஏற்றிக்கொண்டு, புகையும் தூசியும் எட்டுமுன் ஊரைத் தாண்டிவிட வேண்டும் என்பதுதான் திட்டம்.

முதல் ஓட்டத்தில், சந்தி வருவதற்குள்ளேயே எனக்கு முட்டுத் தொடங்கிவிட்டது. அந்தத் துரை சிகரெட் பற்றவைக்காமல் ஒரு நாளும் காரோட்டியிருக்கமாட்டார். சீற்று, கதவு, கால் வைக்கும் விரிப்பு எல்லாம் மணத்தன. வீட்டில் எல்லோரும் போகக்கூடிய கார். நான் ஒருத்திதான் போக முடியாது.

அம்மாவின் தம்பி, எங்களோடு இருந்த மாமா, எதையும் பகிடியாக்குகிறவர்.

"அத்தான், நீங்கள் காருக்குத்தானே காசு குடுத்தனீங்கள்? துரையையும் சேர்த்தெல்லோ தந்திட்டாங்கள்! பின்னுக்குக் குந்திக்கொண்டிருக்கிறார். இறக்கிவிடுங்கோ."

அப்பா சிரிக்கவில்லை. சீற்றுகளைக் கழற்றி முற்றத்து மணலில் வெயிலுக்குப் போட்டார். சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்தார். விநாகிரியில் நனைத்த துணியால் தகரத்தையும் கண்ணாடியையும் துடைத்தார். இரவில் மணத்தை உறிஞ்சட்டும் என்று அடுப்புக்கரியைச் சட்டியில் போட்டு உள்ளே வைத்துக் கதவைப் பூட்டினார். சாம்பல் கொட்டும் தட்டைப் புளி போட்டு மினுக்கினார். அது மாத்திரம் புதிதாகிவிட்டது.

பின்னேரங்களில் சோதனை. சோதனைக் கருவி நான். என்னை உள்ளே இருத்திக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, அப்பா வெளியே கதவுப்பிடியில் கை வைத்தபடி நிற்பார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முகம். அவர் பார்ப்பது என் தோள்களை. முட்டு வந்தால் முதலில் தோள்தான் உயரும் என்று அவருக்குத் தெரியும். நான் தோளைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பேன். கதவு திறந்துவிடும்.

"என்ன பிள்ளை?"

"ஒண்டுமில்லை அப்பா. நல்லாத்தான் இருக்கு."

"பொய் சொல்லாத. இறங்கு."

அந்த நாள் எது என்று திகதி சொல்ல எனக்கு ஏலாது. வெள்ளிக்கிழமை என்பது மட்டும் உறுதி, ஏனென்றால் அம்மா சாம்பிராணி போட்டார். கெட்ட மணம் எதுவானாலும் எங்கள் வீட்டில் அதற்கு ஒரே மருந்து புகைதான். தலை முழுகினாலும் புகை, தம்பியின் தொட்டிலுக்கும் புகை. அப்பா வேலையால் வருமுன் அம்மா தூபக்காலை நிறையத் தணலோடு காருக்குள் வைத்துக் கதவுகளைச் சாத்திவிட்டார். கண்ணாடிகள் வெள்ளையாகிப்போயின.

"என்னக்கா, துரைக்குப் பூசையோ?" என்றார் மாமா.

"வாயை மூடடா. மணம் போகட்டும்."

பொழுது சாயும் நேரம் அப்பா வந்து கதவுகளைத் திறந்தார். புகை வெளியேறிக்கொண்டிருக்கும்போதே சைரன் ஊதியது.

அப்பா என்னைத் தூக்கி முன் சீற்றில் போட்டு எஞ்சினை முடுக்கினார். உள்ளே ஒரு மூச்சு இழுத்தேன், அடுத்தது வரவில்லை.

"இறக்குங்கோ! பிள்ளையை இறக்குங்கோ!" தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா கத்தினார். "இதுக்குள்ளயே செத்துப்போவாள்!"

வளவுக்குள் ஒரு பதுங்குகுழி வெட்டி, மேலே தென்னங்குற்றி அடுக்கி மண் போட்டிருந்தோம். அம்மாவும் தம்பியும் மாமாவும் இறங்கினார்கள். என்னையும் இறக்கினார்கள். ஈரமண்ணும் பூஞ்சணமும் நெஞ்சை இன்னும் அடைத்தன. அப்பா என்னை மறுபடி வெளியே தூக்கினார்.

"இஞ்சாருங்கோ, எங்க கொண்டு போறியள்?"

"காத்துக்கு."

கிணற்றுக்கட்டில் முதுகு சாய்த்து என்னை இருத்தினார். தான் முன்னால் முழங்காலில் நின்று, இரு கைகளையும் கிணற்றுக்கட்டின் மேல் ஊன்றி, என் மேல் கவிந்துகொண்டார். அவருடைய சட்டை என் மூக்கை அழுத்தியது. துறைமுகப் பக்கம் விமான இரைச்சல் கேட்டது.

"தள்ளுங்கோ அப்பா. காத்து வருகுதில்லை."

அவர் தள்ளவில்லை. கைகளை நிமிர்த்திச் சற்று உயர்ந்தார். இடையில் காற்று வந்தது. இரைச்சல் நெருங்கியபோது மறுபடி தாழ்ந்தார்; நான் மறுபடி அவரைத் தள்ளினேன்.

மூச்சு மெல்ல மெல்லச் சீராகியது. அவருடைய கக்கத்துக்குக் கீழால் கார் தெரிந்தது. கதவெல்லாம் திறந்து கிடந்ததால் உட்கூரையில் ஒட்டியிருந்த சீலை கடைசி வெளிச்சத்தில் தெரிந்தது. ஓரத்தில் பால் நிறம். சாரதி தலைக்கு மேலே தேயிலைச் சாயம் ஊற்றியதுபோல மண்ணிறம்.

"அப்பா, மேல ஏன் மண்ணிறமாக் கிடக்கு?"

"கதையாத. மூச்சை விடு."

அன்று குண்டு விழவில்லை. ஆபத்து நீங்கியது என்று சைரன் ஊதியபிறகுதான் அவர் எழுந்தார். நேரே காரிடம் போய்த் தலையை உள்ளே விட்டு மேலே பார்த்தார். முகர்ந்தார். சட்டைப்பைக் கத்தியால் அந்தச் சீலையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கிழித்து இழுத்தார். கோபத்தில் கிழிக்கிறார் என்று நினைத்தேன்; துரையின் சிகரெட் புகை அத்தனையும் அந்தச் சீலையில்தான் ஊறியிருந்தது என்பது பிறகுதான் புரிந்தது. மாமா அதைத் தடியால் தூக்கிக் கடற்கரைப் பக்கம் கொண்டுபோனார். "துரை இறங்கிட்டார் அத்தான், வழி விடுங்கோ!" அன்றைக்கு அப்பாவும் சிரித்தார்.

ஒரு கிழமை வெயிலில் நின்ற பிறகு, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு நான் நெடுநேரம் உள்ளே இருந்தேன். தோளை அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

கண்டுபிடித்தவள் நான் என்பதால் எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் கதையை முதலிலிருந்து சொல்வேன். விமானத்தைப் பற்றிக் கேட்பவர்களிடம் மட்டும் குறைப்பட்டுக்கொள்வேன்: "நான் எங்க பாத்தது? அப்பாவெல்லோ வானத்தை முழுக்க மறைச்சுக்கொண்டு நிண்டவர். தள்ளித் தள்ளிப் பாத்தன், போகேல்லை."

கேட்டவர்கள் சிரிப்பார்கள். அந்த இடம் வந்ததும் அம்மா எழுந்து, முகத்தைத் துடைத்தபடி, அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விடுவார். கேட்டுக் கேட்டு அவருக்கு அலுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, நான் குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்திச் சொல்வேன்.